ஏழாம் நம்பர் மனை

விஸ்வநத்தம்
14.7.2003

வக்கீல் சிவபாண்டிக்கு,

கற்பகம் எழுதுவது. அக்கா என்று போட்டுக்கொள்ளவில்லை, கவனித்திருப்பாய். ஆறு வருடத்துக்கு முன்னால் காளியம்மன் கோயில் வாசலில் சூடம் அணைத்து, இனி உன்னோடு பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. பூசாரியிடமும் கேட்டுவிட்டேன். எழுதுவது பேச்சில் சேராதாம்.

அதற்காகப் பழசையெல்லாம் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. முத்துமாரி பிறந்த அன்றே உனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வளர்த்தேன். நீ உன்னோடு படித்தவளை மாலை மாற்றிக்கொண்டு, எனக்கு ஒரு தந்தி கொடுத்தாய். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முத்துமாரிக்கு இப்போதுதான் ஒரு இடம் அமைந்திருக்கிறது. பையன் பெயர் பிரபாகரன், திருத்தங்கலில் அச்சாபீஸில் மிஷின் ஓட்டுகிறான். தை மாதம் கல்யாணம். அதற்காக உன் மச்சான் விட்டுப்போன இரண்டு ஏக்கரை விற்கிறேன். அவர் இறந்த வருடமே கிணறும் வற்றிவிட்டது. நிலத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிகிறது.

வாங்க வந்திருப்பவர் ஊர்க்காவலன் என்று ஒரு ரியல் எஸ்டேட்காரர். மனைகளாகப் பிரித்து, பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்குத் தவணையில் விற்கப்போகிறாராம். "வக்கீல் செலவெல்லாம் நம்மளோடதுக்கா. நீங்க ஒரே ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்கிறார். அந்த ஒரு கையெழுத்துக்கு ஒன்பது பக்கம் டைப் அடித்துக் கொண்டுவந்திருக்கிறார். இரண்டு தடவை படித்தேன். என் பெயரும் உன் மச்சான் பெயரும்தான் புரிந்தன. நகல் இதோடு இருக்கிறது.

சிவகாசியில் வக்கீலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்கே இருக்கிறவர்கள் ஊர்க்காவலனோடு டீ குடிக்கிறவர்கள். நீ எனக்கு என்னென்னவோ செய்தாய், ஆனால் காகிதத்தில் என்னை ஏமாற்ற மாட்டாய். படித்துவிட்டுப் பதில் எழுது. ஃபீஸ் எவ்வளவு என்றும் எழுது. ஓசியில் வேண்டாம்.

கற்பகம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
18.7.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போடாவிட்டால் என்ன, நான் போடுவேன். உன் கடிதத்தைக் கோர்ட் வராந்தாவில் நின்றே படித்தேன். கட்சிக்காரர் ஒருவர், "ஐயா, வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. முத்துமாரி கல்யாணச் செய்தி எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் உனக்குக் கோபம்தான் வரும். அதனால் எழுதவில்லை.

ஊர்க்காவலன் கொடுத்தது கிரயப் பத்திரமே இல்லை, அக்கா. இது பொது அதிகாரப் பத்திரம். பவர் என்பார்களே, அது. இதில் கையெழுத்துப் போட்டால் நிலம் உன் பெயரிலேயே இருக்கும், விற்பது மட்டும் அவர். மனை வாங்கியவனுக்கு நாளைக்கு ஒரு சங்கடம் என்றால் அவன் ஊர்க்காவலன் வீட்டுக்குப் போக மாட்டான், உன் வாசலில் வந்து நிற்பான். ஆறாம் பக்கத்தைப் பார். 'இந்தச் சொத்தின் பேரில் எந்த வில்லங்கமும், யாருக்கும் எழுதிக்கொடுத்த எந்தச் சம்மதமும் உறுதிமொழியும் இல்லை' என்று நீ சொல்வதாக ஒரு வரி இருக்கிறது. சூடம் அணைக்காத சத்தியம்தான், ஆனால் பூசாரியிடம் கேட்டு இதைத் தாண்ட முடியாது.

மூலப் பத்திரம், பட்டா நகல், வாரிசுச் சான்று, முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று எல்லாம் வாங்கி அனுப்பு. அதுவரை எதிலும் கையெழுத்து வேண்டாம்.

இன்னொன்று. முத்திரைத்தாள் இல்லாத வெள்ளைத்தாள் எதிலாவது மச்சான் கையெழுத்துப் போட்டதாக உனக்கு நினைவு இருக்கிறதா? வடக்குப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்காரர்களுக்கு ஏதாவது? சும்மாதான் கேட்கிறேன்.

ஃபீஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன் தம்பி
சிவபாண்டி

*

விஸ்வநத்தம்
4.8.2003

வக்கீலுக்கு,

கேட்ட காகிதமெல்லாம் பக்கத்து வீட்டுச் சங்கையா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு அங்கே வாய்தா. தாலுகா ஆபீஸுக்கு நாலு நடை நடந்தேன். முதல் நாள் ஆள் இல்லை. இரண்டாம் நாள் ஆள் இருந்தார், கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் இரண்டும் இருந்தன, கையெழுத்துப் போட வேண்டியவர் மீட்டிங்குக்குப் போய்விட்டார். நாலாம் நாள் நான் போட்ட சத்தத்தில் எல்லாம் கிடைத்தது. வில்லங்கச் சான்றில் ஒன்றுமே இல்லை, சுத்தம். பவர் விஷயத்தை ஊர்க்காவலனிடம் கேட்டேன். "எல்லாரும் இப்படித்தான் போடுதாக, உங்களுக்கு மட்டும் என்ன பயம்?" என்றார்.

நீ சும்மா கேட்டதற்குச் சும்மா பதில். வடக்குக் கம்பெனிக்கு உன் மச்சான் எதையும் எழுதிக்கொடுத்ததாக எனக்குத் தெரியாது. வருடா வருடம் தீபாவளிக்கு முன்னால் கம்பெனி ஆள் சங்கிலிமுத்து ஒரு பட்டாசுப் பெட்டி கொண்டுவருவான். நோட்டில் கையெழுத்து வாங்குவான். முன்பு அவர் போடுவார், இப்போது நான். பெட்டி வாங்கியதற்கு ரசீது. மேலே நாலு வரி ஏதோ இருக்கும். பெட்டியை எப்போதும் அதன் மேல்தான் வைப்பான்.

ஊர்க்காவலன் அதற்குள் கல் ஊன்றிவிட்டார். பஞ்சாயத்து அப்ரூவல் வாங்கிவிட்டதாகப் போர்டும் வைத்திருக்கிறார். முப்பத்திரண்டு மனை. நம் நிலத்தில் களை எடுக்க வருவாளே மாடத்தி, அவள் இப்போது வடக்குக் கம்பெனியில்தான் திரி அறுக்கப் போகிறாள். முதல் ஆளாகத் தவணை கட்டியிருக்கிறாள். ஏழாம் நம்பர், கம்பெனி வேலியை ஒட்டி. "வேலை விட்டா நாலு எட்டு வச்சா வீடுக்கா. புள்ளைக்குப் பால் குடுத்துட்டுத் திரும்பிரலாம்" என்கிறாள். கல்லுக்கு மஞ்சள் தடவிப் பூ வைத்துவிட்டுப் போனாள். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

சீக்கிரம் பார்த்து அனுப்பு. மாப்பிள்ளை வீட்டில் நகைக்கு ஆர்டர் கொடுத்தாச்சா என்று கேட்கிறார்கள்.

கற்பகம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
9.8.2003

அன்புள்ள அக்காவுக்கு,

காகிதங்கள் வந்தன. எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆனாலும் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதே. காரணத்தை நேரில்தான் சொல்ல வேண்டும். நீ பேச வேண்டாம், நான் பேசுகிறேன், நீ கேட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சிவபாண்டி

*

விஸ்வநத்தம்
15.8.2003

வக்கீலுக்கு,

வராதே. வாசலில் நிற்க வைத்துக் கதவைச் சாத்தினேன் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்கிறாய், பிறகு போடாதே என்கிறாய். இது என்ன பேச்சு? ஆறு வருடத்துக்கு முன்னால் எதையும் நேராகச் சொல்லாமல் முழுங்கி முழுங்கிப் பேசினாயே, அதே முழுங்கல் இந்தக் கடிதத்திலும் இருக்கிறது. அப்போது எதை மறைத்தாய் என்று பிறகு தெரிந்தது. இப்போது எதை மறைக்கிறாய்?

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை, செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, பதிவு அலுவலகத்தில் பத்திரம் என்று ஊர்க்காவலன் நாள் குறித்துவிட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. காலையில் எழுந்தால் கால் தானாக நிலத்துக்குப் போகிறது. போய் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். எதைப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

சொல்ல வேண்டியதை எழுது. கிழிக்காமல் எழுது.

கற்பகம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.8.2003

அக்கா,

எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். லீவில் சிவகாசியில் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கப் போவேன், உனக்கு நினைவிருக்கும். வடக்குக் கம்பெனி அப்போதுதான் வந்தது. வெடிமருந்து குடோனைச் சுற்றி அறுபது மீட்டருக்குள் வீடு இருக்கக் கூடாது என்று லைசென்ஸில் நிபந்தனை. அவர்கள் இடம் பத்தவில்லை. நம் நிலத்தில் பாதி அந்த அறுபது மீட்டருக்குள் வந்தது. அதனால் பக்கத்து நிலக்காரர் சம்மதம் வேண்டியிருந்தது. 'மேற்படி தூரத்துக்குள் குடியிருப்பு எதுவும் கட்ட மாட்டேன், கட்ட விடவும் மாட்டேன்' என்று ஒரு பக்கக் கடிதம். அதை டைப் அடித்தவன் நான். உங்கள் வீடு என்று தெரிந்ததும் சீனியர் என்னிடமே கொடுத்தனுப்பினார்.

மச்சான் களத்தில் நின்றுகொண்டிருந்தார். "என்ன மாப்ள இது?" என்றார். "ஒண்ணுமில்ல மச்சான், சும்மா ஒரு கையெழுத்து. முத்திரைத்தாள்கூடக் கெடையாது, பாருங்க" என்றேன். அவர் படிக்கவில்லை. என் பேனாவை வாங்கி என் முதுகில் வைத்தே போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். அடியில் இருந்த கார்பன் நகலிலும் இரண்டு கையெழுத்தும் விழுந்தன, அந்த நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வருடம்தான் முதல் பட்டாசுப் பெட்டி வந்தது. நோட்டில் பெட்டிக்கு அடியில் இருக்கும் நாலு வரி, அந்தச் சம்மதம் இந்த வருடமும் தொடர்கிறது என்பது.

வேண்டுமென்று செய்யவில்லை. எனக்கும் அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. சீனியருக்கு நல்ல பேர் வாங்க வேண்டும் என்பதுதான் தெரிந்தது. நீ வெள்ளைத்தாளில் ஒன்றும் இல்லை என்று எழுதியபோது, தெரியாமலே இருந்துவிடட்டும் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அது பதிவான காகிதம் இல்லை. வில்லங்கச் சான்றில் வராது. ஊர்க்காவலனின் வக்கீல் தலைகீழாக நின்றாலும் அவருக்குத் தெரியாது. கோர்ட்டில் செல்லுமா என்றால், இரண்டு பக்கமும் வாதாடலாம். நான் வாயைத் திறக்காவிட்டால் பன்னிரண்டாம் தேதி வேலை முடிந்துவிடும். ஆனால் முதல் பதினாறு மனையும் அந்தத் தூரத்துக்குள் வருகின்றன. வீடு எழும்பினால் கம்பெனி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வரும். வராவிட்டால் இன்னும் மோசம். ஏழாம் நம்பருக்கும் மருந்து குடோனுக்கும் நடுவில் ஒரு வேலிதான் இருக்கிறது.

சிவபாண்டி

*

விஸ்வநத்தம்
27.8.2003

சிவபாண்டிக்கு,

ஒரு வாரம் எழுத முடியவில்லை.

உன் மச்சான் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. சொசைட்டியில் உரம் வாங்கினால்கூட ரசீதை மூன்று தடவை படிப்பார், பின்னால் வரிசையில் நிற்கிறவன் திட்டுவான். அந்த மனிதர் படிக்காமல் போட்டது வாழ்நாளில் ஒன்றே ஒன்றுதான். நீட்டியது நீ என்பதால் போட்டிருக்கிறார். பன்னிரண்டு வருடமாக அந்தப் பட்டாசை நான்தான் பிள்ளைக்குக் கொளுத்திக் காட்டியிருக்கிறேன்.

ஒரு தடவை என் மகள் கல்யாணத்தைக் கெடுத்தாய். இது இரண்டாவது தடவை. இனி நான் சொல்வதைக் கேள். பன்னிரண்டாம் தேதி நான் கையெழுத்துப் போடத்தான் போகிறேன். நீ வாயை மூடிக்கொண்டு உன் கோர்ட்டில் இரு. இத்தனை வருடம் மூடித்தானே இருந்தாய். எனக்கு நீ செய்ய வேண்டியது அது ஒன்றுதான். ஃபீஸும் அதுதான்.

இதை எழுதிவிட்டு நேற்று ஒட்டாமல் வைத்திருந்தேன். காலையில் நிலத்துக்குப் போனேன். வேலியில் இருந்து ஏழாம் நம்பர் கல்லுக்கு எட்டு வைத்து அளந்து பார்த்தேன். பதினொன்று. என் எட்டுக்குப் பதினொன்று. மாடத்தி சாப்பாட்டு மணிக்கு வந்தவள் பார்த்துவிட்டு, "என்னக்கா அளக்கீக, எடம் கொறையுதா?" என்றாள். குடோன் இம்புட்டுப் பக்கத்தில் இருக்கிறதே, பயமில்லையா என்று கேட்டேன். சிரித்தாள். "பகல் பூரா நான் அதுக்குள்ளதானக்கா இருக்கேன்" என்றாள்.

அவள் இருக்கிறாள் சரி. பிள்ளை எதற்கு இருக்க வேண்டும் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டிருந்தால் முத்துமாரி கல்யாணம் நின்றுபோயிருக்கும். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

வாயை மூடிக்கொண்டு இரு.

கற்பகம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
2.9.2003

அக்கா,

நீ என்னை என்ன திட்டினாலும் அது எனக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் கேட்காதே. ஒரு தடவை படிக்கவிடாமல் கையெழுத்து வாங்கினேன். இன்னொரு தடவை, படிக்கத் தெரியாதவர்களிடம் அதையே வாங்க என்னால் முடியாது.

திங்கட்கிழமை கம்பெனி முதலாளியைப் போய்ப் பார்த்தேன். வடக்கு ஏக்கரை அவரே வாங்கிக் காலியாகப் போட்டு வைக்கத் தயாராக இருக்கிறார். அவருக்கு அந்த இடைவெளி எப்படியும் வேண்டும். ஊர்க்காவலன் சொன்ன விலை வராது, குறைவுதான். தெற்கு ஏக்கர் தூரத்துக்கு வெளியே இருக்கிறது. அதை மனையாக விற்கலாம், பவர் இல்லாமல், வாங்குகிறவர் பெயருக்கே நீ நேராகக் கிரயம் செய்து கொடுக்கலாம். பத்திரம் நான் எழுதுகிறேன். நகையைக் குறைக்க வேண்டிவரும், மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளிப்பார்கள், தெரியும்.

முடிவு உன்னுடையது. உன் நிலம், உன் கையெழுத்து. ஆனால் வெள்ளிக்கிழமை பதிவு அலுவலக வாசலில் வேப்ப மரத்தடியில் நான் நிற்பேன். கார்பன் நகல் கையில் இருக்கும். நீ போட்டுவிட்டு வெளியே வந்தால், மாடத்தியிடம் போய் நான் அதைப் படித்துக் காட்டுவேன். உனக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை முழுங்கவில்லை.

சிவபாண்டி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
14.9.2003

அக்கா,

இரண்டு நாளாக வேலை ஓடவில்லை. நீயும் அங்கேதான் இருந்தாய், உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நீ ஊர்க்காவலனோடு வந்தாய். மரத்தடியில் நான் நிற்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போனாய். மாடத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனாள், பத்திரம் முடிவதைப் பார்க்க வேண்டுமாம். ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. பேனாவைக் கையில் எடுத்தாய். ஆறாம் பக்கத்தைத் திருப்பினாய். அங்கேயே நின்றுவிட்டாய். ஊர்க்காவலன், "சும்மா போடுங்கக்கா, ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த வார்த்தைதான் என்று நினைக்கிறேன். நீ நிமிர்ந்து வாசலைப் பார்த்து, ஆபீஸ் முழுக்கக் கேட்க, "ஏலே சிவா! அந்தக் காயிதத்தக் கொண்டா இங்கன!" என்றாய்.

ஆறு வருடம் கழித்து நீ பேசிய முதல் பேச்சு, அக்கா. கொண்டுவந்தேன். "மாடத்திக்குப் படிச்சுக் காட்டு. ஒரு எழுத்து விடாம" என்றாய். படித்தேன். கடைசியில் சாட்சி, சிவபாண்டி என்றும் படித்தேன். எத்தனையோ ஜட்ஜ் முன்னால் நின்றிருக்கிறேன், அன்றைக்கு மாதிரி என் குரல் உடைந்ததில்லை. மாடத்தி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். பிறகு ஊர்க்காவலனைப் பார்த்து, "எம் தவணையத் திருப்பிக் குடுங்க" என்றாள். நீ பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, நகலை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே போய்விட்டாய்.

கம்பெனிக்கான பத்திரம் தயார். நீ வந்து படிக்க வேண்டும்.

சிவபாண்டி

*

விஸ்வநத்தம்
18.10.2003

தம்பிக்கு,

ஒரு மாதம் பதில் போடவில்லை என்று சங்கையாவிடம் புலம்பினாயாமே. அவர் கையில் நீ கொடுத்தனுப்பிய கம்பெனிப் பத்திரத்தை நாலு நாள் வைத்துப் படித்தேன். இரண்டு இடத்தில் புரியவில்லை, கோடு போட்டிருக்கிறேன், விளக்கி எழுது. அதன் பிறகுதான் கையெழுத்து.

அன்றைக்கு நான் கூப்பிட்டது தம்பியை இல்லை, வக்கீலை. ஆனால் பூசாரி அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அம்மனுக்குக் கால் கிலோ சூடம் வாங்கி ஏற்றினேன். அந்தச் செலவை உன் ஃபீஸில் கழித்துக்கொள்கிறேன்.

ஏழாம் நம்பர் கல்லை மாடத்தியும் அவள் புருஷனும் பிடுங்கிக் கொண்டுவந்து தெற்கே ரோட்டை ஒட்டி நட்டுவிட்டார்கள். கம்பெனிக்கு நடக்க இப்போது தூரம்தான். "பரவாயில்லக்கா, நடந்துக்கிடுதேன்" என்றாள். முதல் கிரயம் அவளுக்குத்தான், அவள் பெயருக்கே எழுது. மாப்பிள்ளையின் அம்மா நகை குறைந்ததற்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். இன்னும் இறக்கவில்லை. முத்துமாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "பதினாறு வீட்டு மேல நின்னு நான் தாலி கட்டிக்கிடணுமாம்மா?" என்றாள். நான் அழுதேன். பிரபாகரன் தேதியை மாற்றச் சொல்லவில்லை. அது போதும்.

நேற்று சங்கிலிமுத்து பெட்டியோடு வந்தான். வழக்கம்போல நோட்டின் மேல் வைத்தான். பெட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நாலு வரியையும் படித்தேன். அவன் அரை மணி நேரம் நின்றான், உட்காரக்கூடச் சொல்லவில்லை. பிறகு என் கையால், 'பட்டாசுப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டேன், வேறு ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீ அன்றைக்குப் படித்த நகல் என்னிடம்தான் இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். உன் முதுகில் வைத்துப் போட்டதால் அவர் எழுத்து வளைந்து கிடக்கிறது. பக்கத்திலேயே உன் கையெழுத்து. என் கோபம் தீரவில்லை, தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்தில் வேறு யார் பெயர் இருந்திருந்தாலும் அந்தக் காகிதத்தை என்றைக்கோ கிழித்திருப்பேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். முத்துமாரி கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப். பிரபாகரனே அவன் அச்சாபீஸில் கம்போஸ் செய்தது. தாய்மாமன் என்ற இடத்தில் உன் பெயரும் உன் பெண்டாட்டி பெயரும் இருக்கின்றன. கையெழுத்து வந்தால்தான் அச்சடிப்பார்களாம்.

படித்துப் பார்த்துவிட்டுப் போடு.

அக்கா
கற்பகம்